பாதீட்டு வாக்கெடுப்பில் நம் பகுதி உறுப்பினர்கள் கட்சி முடிவை மீறுவார்களா?

மருதமுனை ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கல்முனைப் பகுதியில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவன். ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்கிப் பெரும்போக விதைப்பு நடக்கும் காலத்திலேயே பாராளுமன்றத்தில் பாதீட்டு (வரவுசெலவுத் திட்ட) விவாதமும் நடப்பதால், பாதீட்டைச் சட்டமாக்கும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் என்ற பாடத்தை அந்த வாரங்களிலேயே எடுப்பது என் வழக்கம். இம்முறை நிந்தவூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். "சேர், எங்கள் ஊர்க் கடலரிப்பைத் தடுப்பதற்குப் பாதீட்டில் காசு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கட்சித் தலைமை அந்தப் பாதீட்டை எதிர்த்து வாக்களிக்கச் சொல்கிறது. எங்கள் எம்.பி. யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும்? யாருடைய சொல்லைக் கேட்பார்?"

கேட்க வேண்டும், கேட்பார் என்று அவள் இரண்டையும் பிரித்துக் கேட்டதுதான் என்னைத் தடுமாற வைத்தது. கட்சி ஒழுக்கம், கொறடாவின் கடமை, மக்கள் ஆணை என்று பாடநூலில் உள்ளதைச் சொல்லி முதற் பாதிக்கு ஒருவாறு விடை கொடுத்தேன். இரண்டாம் பாதிக்கு என்னிடம் விடை இல்லை. கட்சி முடிவை மீறிப் பாதீட்டுக்கு வாக்களித்தவர்கள் கிழக்கில் உண்டு என்பது தெரியும். அவர்களில் ஒருவர் ஆசனத்தை இழந்தார் என்பதும் தெரியும். ஏனையவர்கள் ஏன் இழக்கவில்லை, இனி ஒருவர் மீறுவதற்குத் துணிவாரா, அந்தத் துணிவு எதைப் பொறுத்தது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் வகுப்பில் நேர்மையாகச் சொல்ல உதவியாக இருக்கும். இன்ன கட்சி நல்லது, இன்ன தலைவர் கெட்டவர் என்ற வாதத்துக்குள் போகாமல் எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஏறாவூர் சட்டத்தரணி

வ அலைக்குமுஸ்ஸலாம், ஆசிரியர் அவர்களே. அந்த மாணவியின் கேள்விக்கு விடை மனச்சாட்சியில் தொடங்குவதில்லை. வேட்புமனுப் பத்திரத்தில் தொடங்குகிறது. எனவே அங்கிருந்தே வருகிறேன்.

நமது அரசியலமைப்பின் 99(13)(அ) உறுப்புரையைப் பலர் "கட்சி தாவினால் ஆசனம் போகும்" என்று சுருக்கிச் சொல்வார்கள். அது அவ்வாறு சொல்லவில்லை. ஓர் உறுப்பினர் தெரிவுசெய்யப்பட்டபோது எந்த அங்கீகரிக்கப்பட்ட கட்சியின், அல்லது சுயேச்சைக் குழுவின், நியமனப் பத்திரத்தில் அவருடைய பெயர் இருந்ததோ, அந்தக் கட்சியின் உறுப்புரிமையை விலகல், நீக்கம் அல்லது வேறு காரணத்தால் இழந்தால், ஒரு மாதம் முடிந்ததும் அவருடைய ஆசனம் வெறிதாகும் என்றே சொல்கிறது. நீக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நீக்கம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்மானித்தால் ஆசனம் தப்பும். செல்லும் என்று தீர்மானித்தால் தீர்மானித்த நாளிலிருந்து ஆசனம் போகும். ஆகவே கட்சிக்கு எதிராக வாக்களிப்பதால் மட்டும் யாருடைய ஆசனமும் போவதில்லை. கட்சி அவரை முறைப்படி விசாரித்து நீக்க வேண்டும், அந்த நீக்கம் நீதிமன்றத்தில் நிற்கவும் வேண்டும்.

இப்போது நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். 2020 பொதுத் தேர்தலில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் மட்டக்களப்பு மாவட்டத்தில் தன் சொந்தப் பெயரிலும் மரச் சின்னத்திலும் போட்டியிட்டு ஓர் ஆசனத்தைப் பெற்றது. கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் நஸீர் அஹமட் தெரிவானார். அதே கட்சியினர் திகாமடுல்லையில் (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் போட்டியிட்டு இரண்டு ஆசனங்களைப் பெற்றனர். 2020 ஒக்டோபர் 22 அன்று அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கான வாக்கெடுப்பு நடந்தபோது, கட்சியின் ஐந்து உறுப்பினர்களில் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, மற்ற நால்வரும் ஆதரித்து வாக்களித்தார்கள். அதற்காக எவருடைய ஆசனமும் போகவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் 2022ஆம் ஆண்டுக்கான பாதீடு வந்தபோது கட்சி எதிர்த்து வாக்களிக்கத் தீர்மானித்திருந்தும் நஸீர் அஹமட் ஆதரித்து வாக்களித்தார்; 2022இல் சுற்றாடல் அமைச்சராகவும் ஆனார். கட்சி அவரை நீக்கியது. 2023 ஒக்டோபர் 6 அன்று உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது, ஆசனம் போயிற்று.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திகாமடுல்லையில் தெரிவான இருவரின் பெயர்கள் இருந்தது ஐக்கிய மக்கள் சக்தியின் நியமனப் பத்திரத்தில். எனவே முஸ்லிம் காங்கிரஸ் அவர்களை நூறு முறை நீக்கியிருந்தாலும், உறுப்புரையின் வாசகத்தின்படி, அந்த நீக்கத்தால் மட்டும் அவர்களுடைய ஆசனம் அசைந்திருக்காது. அவர்களை அசைக்கக்கூடிய சாவி வேறொரு கட்சியின் செயலாளரிடம் இருந்தது. ஏறாவூரில் இருந்த நஸீர் அஹமட்டுக்கோ சாவியும் பூட்டும் ஒரே வீட்டில் இருந்தன. ஒரே கட்சி, ஒரே தேர்தல், வாவிக்கு அப்பாலும் இப்பாலும் சட்ட விளைவு வேறு. கூட்டணிப் பட்டியலில் வென்றவர் துணிந்து மீறுவதற்கும் தனிச் சின்னத்தில் வென்றவர் தயங்குவதற்கும் இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்க்கிறேன், இதைப் பொதுவாக யாரும் பேசுவதில்லை. வெறிதாகும் ஆசனம் அதே பட்டியலில் அடுத்ததாக அதிக விருப்பு வாக்குப் பெற்றவருக்குப் போகும். இங்கே அது அலி சாஹிர் மௌலானாவுக்குப் போனது. அவரும் எங்கள் ஏறாவூரைச் சேர்ந்தவர். ஒருவரை நீக்குவதால் கட்சி ஆசனத்தை இழப்பதில்லை; ஆளை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவே. அடுத்த இடத்தில் நிற்பவரும் அவருடைய ஆதரவாளர்களும் நீக்கத்தை விரும்புவதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஆகவே மீறும் உறுப்பினர் கொழும்பில் உள்ள தலைமைக்கு மட்டுமன்றித் தன் பக்கத்துத் தெருவுக்கும் அஞ்ச வேண்டும்.

அக்கரைப்பற்று ஓய்வூதியர்

ஆசிரியர் தம்பிக்கும் சட்டத்தரணி அவர்களுக்கும் என் சலாம். நான் அம்பாறை மாவட்டத்தில் திட்டமிடல் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சட்டம் பேச எனக்குத் தகுதி இல்லை. காசு எப்படி ஊருக்கு வருகிறது என்பதைப் பற்றி ஓரளவு பேசலாம்.

மாணவியின் கேள்வியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. நமது உறுப்பினர் ஆதரித்தால் நிந்தவூருக்குக் காசு வரும், எதிர்த்தால் வராது என்பதே அந்த ஊகம். பாதீடு அப்படி வேலை செய்வதில்லை. ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் அட்டவணையில் அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் செலவினத் தலைப்புகளின் கீழ்த் தொகை ஒதுக்கப்படுகிறது. கடலரிப்புக்கென்று ஒதுக்கிய பணம், திகாமடுல்லை உறுப்பினர் ஒருவர் எதிர்த்து வாக்களித்தார் என்பதற்காகத் தலைப்பிலிருந்து எழுந்து ஓடிவிடாது. சட்டமூலம் நிறைவேறினால் ஆதரித்தவர் ஊருக்கும் எதிர்த்தவர் ஊருக்கும் ஒரே சட்டந்தான். ஒதுக்கப்பட்டதைத் திறைசேரி எப்போது விடுவிக்கிறது, எவ்வளவு விடுவிக்கிறது என்பதில்தான் ஆண்டு முழுவதும் இழுபறி நடக்கும். மார்கழி மாதத்தில் வேலையை முடித்துவிட்டுப் பட்டியலுக்குக் காசு வராமல் எங்கள் கந்தோர் விறாந்தையில் காத்திருந்த ஒப்பந்தக்காரர்களைக் கேட்டால், ஒதுக்கீடு என்பது வேறு, காசு என்பது வேறு என்று சொல்வார்கள்.

அப்படியானால் உறுப்பினர்கள் ஏன் அரசாங்கப் பக்கம் சாய்கிறார்கள்? வாக்களித்த நாளைக்கு அப்பாற்பட்ட ஒன்றுக்காக. 1974இலிருந்து பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு என்ற ஏற்பாடு பல வடிவங்களில் இருந்து வருகிறது. உறுப்பினர் முன்மொழியும் சிறு வீதி, மதகு, வாசிகசாலை போன்றவை அதன் வழியே நடக்கும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைமை பெரும்பாலும் அரசாங்கப் பக்கத்தாருக்கே போகும். அந்த நாற்காலியில் இருப்பவர் கேட்டால் அதிகாரி எழுந்து பதில் சொல்வார்; இல்லாதவர் கேட்டால் குறித்துக்கொள்வார். நான் இரண்டையும் செய்திருக்கிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் மாவட்டத்தில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாக ஊன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1994 தேர்தலில் பொதுசன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களைப் பெற்றது. 225 பேர் கொண்ட சபையில் 113 தேவை. முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்கள் இல்லாமல் அந்த அரசாங்கம் அமைந்திருக்காது. கட்சித் தலைவர் அஷ்ரப் அவர்கள் துறைமுக அமைச்சரானார். அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1996இல் அது பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் அந்த வளாகத்தைக் கடந்து போகும் ஒவ்வொருவரும் "அரசாங்கத்தில் இருந்ததால் கிடைத்தது" என்றே நினைக்கிறார்கள். நினைப்பதில் பிழை இல்லை. ஆனால் அன்று அவர் கட்சியை மீறி அதைப் பெறவில்லை. கட்சி முழுவதுமாக, பெரும்பான்மைக்கு எட்டுப் பேர் குறைந்த அரசாங்கத்தோடு பேரம் பேசிப் பெற்றது. ஏழு பேர் ஒன்றாக நின்றதற்கு இருந்த விலை, ஒருவர் தனியே பிரிந்து போவதற்கு ஒருநாளும் கிடைக்காது. பிற்காலத்தில் தனித் தனியே போனவர்கள் தங்களுக்கு எதைப் பெற்றார்கள், ஊருக்கு எதைப் பெற்றார்கள் என்று ஆசிரியர் மாணவர்களைக் கொண்டே ஒரு பட்டியல் எழுத வைக்கலாம்.

(அதே ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகளுக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதும் அரசாங்கத் திட்டம் ஒன்றால் வந்த வினையே. காசு ஒதுக்குவது எப்போதும் நன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்; இது கேள்விக்கு வெளியே போகும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.)

களுவாஞ்சிக்குடியான்

இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. அமைச்சுப் பதவி கிடைக்குமென்றால் மீறுவார்கள், கிடைக்காதென்றால் கட்சி விசுவாசம் பேசுவார்கள். 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பட்டியலில் மட்டக்களப்பில் வென்ற வியாழேந்திரன் 2018இல் பிரதி அமைச்சரானதை நாம் பார்க்கவில்லையா? சட்டமும் பத்திரமும் நீதிமன்றமும் பிறகு வருகிற கதைகள். மாணவர்களுக்கு இதையே சொல்லுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

புளியந்தீவுப் பெரியவர்

தம்பி களுவாஞ்சிக்குடியான், உங்கள் சலிப்பு எனக்கு விளங்குகிறது. எழுபது வயதைக் கடந்தவன் நான். அந்தச் சலிப்பை உங்களுக்கு முன்பே அனுபவித்தவன். ஆனாலும் எல்லா மீறலையும் பதவி என்ற ஒரே உரலில் போட்டு இடித்துவிட முடியாது.

பழையதிலிருந்து தொடங்குகிறேன். 1956 முதல் மட்டக்களப்பின் உறுப்பினராக இருந்த செ. இராசதுரை அவர்கள் 1979இல் தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்து அமைச்சரானார். சட்டத்தரணி சொல்லும் உறுப்புரை 1978 அரசியலமைப்பிலேயே வந்துவிட்டது. அப்படியிருக்க அவருடைய ஆசனம் எப்படித் தப்பியது என்று உங்கள் மாணவர்கள் கேட்கக்கூடும். அதே 1979ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசியலமைப்புக்கு 2ஆவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. அந்த அரசியலமைப்பின் கீழான முதலாவது பாராளுமன்றத்தின் உறுப்பினர்கள் கட்சியிலிருந்து விலகுவதையும் நீக்கப்படுவதையும் பற்றியதே அந்தத் திருத்தம். கதவைப் பூட்டியவர்களே, தங்கள் பக்கம் வருகிறவர்களுக்காகச் சாளரம் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். ஆகவே சட்டம் பிறகு வருகிற கதை என்று தம்பி சொல்வது சரியல்ல. எங்கள் ஊர் விடயத்தில் சட்டம் முன்னே வந்தது, ஆள் பின்னே போனார்.

அடுத்து, எழுதுவதற்கு மனம் வராத ஒன்றை எழுதுகிறேன். 2007 டிசம்பரில் பாதீட்டின் மூன்றாம் வாசிப்பு, அதாவது இறுதி வாக்கெடுப்பு, நெருங்கியபோது அரசாங்கம் தோற்றுவிடும் என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. வாக்கெடுப்புக்குச் சில நாட்களே இருக்கையில் முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தை விட்டு எதிரணிக்குப் போனது. அந்த நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கூட்டமைப்பு உறுப்பினர்கள் மூவரின் உறவினர்கள் கடத்தப்பட்டார்கள். பாதீட்டுக்கு எதிராக வாக்களித்தால் அவர்கள் உயிரோடு திரும்பமாட்டார்கள் என்று மிரட்டப்பட்டது. மூவரும் வாக்களிக்கவில்லை, உறவினர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். டிசம்பர் 14 அன்று 114க்கு 67 என்ற கணக்கில் பாதீடு நிறைவேறியது. அந்த மூவரும் தங்கள் கட்சியின் முடிவின்படி வாக்களிக்கவில்லை என்பது ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவை, புரட்டுகிறவருக்குத் தெரியும். ஏன் வாக்களிக்கவில்லை என்பது அந்த வாக்குப் பட்டியலில் இராது. அன்று எங்கள் ஊரில் யாரும் அவர்களைக் கட்சித் துரோகி என்று சொல்லக் கேட்டதில்லை.

ஆசிரியர் ஐயா, மாணவியின் கேள்விக்கு உங்களால் விடை சொல்ல முடியாமற்போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓர் உறுப்பினர் ஏன் மீறினார் என்பதை வாக்கு எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாத ஊரில் நாங்கள் வாழ்ந்திருக்கிறோம். இன்று அந்த அச்சம் இல்லை என்பதால் இன்றைய உறுப்பினரிடம் காரணம் கேட்கும் உரிமை நமக்கு வந்திருக்கிறது. கேட்கத்தான் வேண்டும். களுவாஞ்சிக்குடியான் தம்பி கேட்பது போலக் கடுமையாகவே கேட்கலாம்.

களுவாஞ்சிக்குடியான்

ஐயா, 2007இல் எனக்கு ஐந்து வயது. இது எனக்குத் தெரியாது. நான் எழுதியதை அவசரத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள். பதவிக்காகப் போனவர்களைப் பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றவில்லை.

மருதமுனை ஆசிரியர்

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. 2007இல் வாக்களிக்காமல் விட்டவர்களைப் பற்றிப் பெரியவர் எழுதியபோது இது தோன்றியது. எதிர்த்து வாக்களி என்று கட்சி சொல்லும்போது ஆதரிப்பதும், சபைக்கே வராமல் விடுவதும் சட்டத்தின் முன் ஒன்றா? இன்னொன்று, இன்றைய பாராளுமன்றத்தில் இப்படி மீறுவதால் ஏதாவது மாறக்கூடுமா?

ஏறாவூர் சட்டத்தரணி

முதலில் பெரியவருக்கு நன்றி. 2ஆவது திருத்தத்தை நானே சொல்லியிருக்க வேண்டும். வழக்குகளிலேயே மூழ்கிக் கிடப்பவனுக்கு வரலாறு நழுவிவிடுகிறது.

வராமல் விடுவதும் கட்சி முடிவை மீறுவதுதான். கட்சியின் யாப்பு அதைக் குற்றமாகக் கொண்டால் நீக்கத்துக்கும் அது காரணமாகலாம். ஆனால் நடைமுறையில் வராதவரைக் குற்றவாளியாக்குவது கடினம். பாதீட்டு வாக்கு இரகசிய வாக்கல்ல; ஆதரவா எதிர்ப்பா என்பது பெயரோடு பதிவாகும். வராதவரின் பெயருக்கு நேரே எதுவும் இராது. அவர் நோயுற்றிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், மன்னம்பிட்டியில் வெள்ளம் வீதியை மறித்திருக்கலாம். ஒழுக்காற்று விசாரணைக்குக் குற்றப்பத்திரம் எழுதுகிறவருக்கு இவை எல்லாம் தலைவலி. அதனால் நமது உறுப்பினர்கள் கட்சியோடு முரண்படும்போது பெரும்பாலும் தேர்ந்துகொள்வது கட்சி முடிவுக்கு மாறான பொத்தானை அல்ல, வெற்று நாற்காலியை. மாணவர்கள் ஹன்சாட்டைப் படித்தால் மீறியவர்களை ஆதரவுப் பட்டியலில் தேடுவதோடு நிறுத்தாமல், இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயர்களையும் எண்ணச் சொல்லுங்கள். கட்சியே கூடி வாக்களிக்காமல் விடத் தீர்மானிப்பது வேறு. 2007இல் மக்கள் விடுதலை முன்னணி அதைச் செய்தது.

இனி இன்றைய நிலை. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன. எதிரணியிலுள்ள 66 பேரும் ஒருவர் விடாமல் எதிர்த்தாலும், சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்தால், ஆளுங்கட்சியில் 47 பேர் தலைமையை மீறி எதிர்த்து வாக்களித்தால்தான் சட்டமூலம் தோற்கும். வராமல் மட்டும் விடுவதானால் 93 பேர் வராமல் விட வேண்டும். ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்றால் அமைச்சரவை கலைந்துவிடும் என்பதால் ஆளுங்கட்சிக்காரர் அதைத் தொடுவதற்கே அஞ்சுவார். 1978 அரசியலமைப்பின் கீழ் எந்த ஒதுக்கீட்டுச் சட்டமூலமும் தோற்றதில்லை. இந்தக் கணக்கில் இனியும் தோற்காது. ஆகவே ஆளும் தரப்பில் மீறல் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எதிரணியில், அதாவது மட்டக்களப்பிலும் திகாமடுல்லையிலும் சிறு கட்சிகளின் சார்பில் இருப்பவர்களிடம், நிலைமை தலைகீழானது. அவர்களுடைய ஒரு வாக்கால் பாதீடு வெல்லப்போவதும் இல்லை, தோற்கப்போவதும் இல்லை. அதனால் கட்சிக்கும் அந்த வாக்கு உயிர்ப் பிரச்சினை அல்ல. மீறினால் மன்னிப்பதும் எளிது, மீறுவதும் எளிது. அரசாங்கத்துக்கு அந்த வாக்கு தேவையில்லை என்பதால் அதற்கு ஓய்வூதியர் ஐயா சொன்ன விலையும் இல்லை. விலை கிடைக்காத பொருளுக்காக ஆசனத்தைப் பணயம் வைக்க யார் வருவார்? ஒன்றிரண்டு வெற்று நாற்காலிகளைப் பார்க்கலாம். சொந்தச் சின்னத்தில் வென்றவர் எவரும் கட்சியின் எழுத்து மூலமான முடிவை வெளிப்படையாக மீறமாட்டார் என்பதே என் கணிப்பு. 2023 ஒக்டோபர் தீர்ப்பும், 2024 ஓகஸ்ட் 9 அன்று ஹரீன் பெர்னாண்டோவையும் மனுஷ நாணயக்காரவையும் ஐக்கிய மக்கள் சக்தி நீக்கியது செல்லும் என்று வந்த தீர்ப்பும் அவர்களுடைய சட்டத்தரணிகளின் மேசைகளில் இருக்கும்.

ஆனால் அந்தத் தீர்ப்புகளை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். நீக்கப்பட்டவரின் மனுவை இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 2021 நவம்பரில் அளித்த வாக்குக்காக நஸீர் அஹமட்டின் ஆசனம் போனது 2023 ஒக்டோபரில். இடையில் அமைச்சர் பதவி. ஹரீனும் மனுஷவும் 2022இல் அமைச்சர்களானவர்கள். தீர்ப்பு வந்தபோது அவர்களுடைய பாராளுமன்றத்துக்குச் சில வாரங்களே ஆயுள் இருந்தது. தண்டனை நிச்சயம், ஆனால் தாமதம். மெலிந்த பெரும்பான்மையுள்ள அரசாங்கம் ஒன்று மறுபடி வந்தால், இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டே ஒருவர் துணிவார். களுவாஞ்சிக்குடியான் தம்பியின் சலிப்புக்கு அன்று மீண்டும் வேலை வரும்.

காரைதீவு வாசகி

பாராளுமன்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மீறலின் உண்மையான விலையைக் காண விரும்பும் மாணவர்கள் பிரதேச சபைக்குப் போகட்டும். யாழ்ப்பாண மாநகர சபையின் பாதீடு 2020 டிசம்பரில் இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்பட்டதால் முதல்வர் பதவி இழந்தார். மாத முடிவில் 21க்கு 20 என்ற கணக்கில் வேறொருவர் முதல்வரானார். அங்கே ஒரேயொருவர் நாற்காலியை வெறுமையாக விட்டாலும் சபையே மாறக்கூடும். 47 பேர் தேவையில்லை. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு அமைந்த சபைகளில் பல, தனிப் பெரும்பான்மை இல்லாதவை என்பதால், பாதீட்டு அமர்வுகள் வரும் மாதங்களில் பொதுமக்கள் பகுதியில் இருந்து பார்ப்பது பாடநூலைவிடப் பயன்படும். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். யார் எந்தப் பக்கம் கை உயர்த்துகிறார் என்பதை அவருடைய மாமியார் வீட்டுக்காரர்கூட அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மருதமுனை ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. சகோதரியின் யோசனைப்படி அதிபரிடம் அனுமதி பெற்று, மாணவர்களைச் சபை அமர்வு ஒன்றுக்கு அழைத்துப் போக முயற்சி செய்கிறேன். நிந்தவூர் மாணவியிடம் நாளை இரண்டு விடயங்களைச் சொல்லப் போகிறேன். உன் எம்.பி. எப்படி வாக்களித்தாலும் உன் ஊர்க் கடற்கரைக்கு ஒதுக்கிய காசு சட்டத்தில் அப்படியே இருக்கும் என்பது ஒன்று. அவர் யாருடைய சொல்லைக் கேட்பார் என்பதை அறிய, அவர் எந்தக் கட்சியின் நியமனப் பத்திரத்தில் வென்றார் என்று முதலில் பார்த்து வா என்பது மற்றது. பெரியவர் எழுதிய 2007ஆம் ஆண்டுச் சம்பவத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விடமாட்டேன்.